மருந்தின் பெயர் என்ன?

1649ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரம். மன்னன் முதலாம் சார்லசின் தலை கொலைக்களத்தில் உருண்ட ஆண்டு அது. ஆண்டவனால் அனுப்பப்பட்டவன் அரசன் என்ற கதை முடிந்த அதே ஆண்டில், இன்னொரு கோட்டையின் கதவையும் ஒருவன் தட்டினான். அவன் கையில் வாள் இல்லை; ஏடு இருந்தது. நிக்கலஸ் கல்பெப்பர் என்பது அவன் பெயர்.

இலண்டன் மருத்துவர் கல்லூரி 1618-இல் ஒரு நூலை வெளியிட்டிருந்தது. எந்த மருந்தை எந்தச் சரக்குகளைக் கொண்டு எப்படிக் கூட்டுவது என்று கூறும் நூல். எழுதப்பட்ட மொழியோ இலத்தீன்! உழுபவனுக்குத் தெரியாத மொழி. நெய்பவனுக்குத் தெரியாத மொழி. நோய் மக்களுடையது, வலி மக்களுடையது, காசும் மக்களுடையது. மருந்தின் பெயர் மட்டும் மக்களுடையதன்று! கல்பெப்பர் அந்த நூலை யாருடைய அனுமதியும் கேளாமல் ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்டான். பின்னாளில் பட்டு நெசவாளர் பேட்டையாகப் புகழ்பெற்ற ஸ்பிடல்ஃபீல்ட்சில் இருந்துகொண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவன் அவன்.

கல்லூரி சீறிற்று. அரசபக்த ஏடு ஒன்று அவனைக் குடிகாரன் என்றது, நாத்திகன் என்றது. அறிவைப் பொதுவாக்குகிறவனுக்கு எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் கிடைக்கின்ற பட்டம் அது என்பதை நாம் அறிவோம். கல்பெப்பர் சோதிடத்தை நம்பியவன். அதை மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. கோள்களைப் பற்றி அவன் எழுதியவை மங்கின. மருந்தின் பெயரை அறிய நோயாளிக்கு உரிமை உண்டு என்று அவன் செய்து காட்டிய செயல் நின்றது.

மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இலத்தீன் கோட்டை இடிந்தது. ஆனால் தோழர்களே, மருந்தின் பெயர் மக்களுக்கு வந்து சேர்ந்துவிட்டதா? இலண்டனை விட்டு நொய்யல் ஆற்றங்கரைக்கு வருவோம்.

திருப்பூரில் ஒரு மாலை

திருப்பூர் நமக்குப் புதிய ஊரன்று. 1932-இல் குமரன் தடியடிபட்டு உயிர் துறந்த ஊர். 1934-இல் அறிஞர் அண்ணா, தந்தை பெரியாரை முதன்முதலாகச் சந்தித்த ஊர். 1920-களில் கையால் சுழற்றும் பின்னல் எந்திரங்களோடு தொடங்கிய பனியன் தொழில், இன்று கடல் கடந்த நாடுகளின் கடைகளையெல்லாம் நிரப்புகிறது. உலகுக்கு உடுப்பு தரும் ஊரின் பாட்டாளி, உடம்பு சரியில்லை என்றால் எங்கே போகிறான்?

மாலை ஏழு மணி. பனியன் கம்பெனிகள் நிறைந்த ஏதோ ஒரு தெருவின் முனையில் ஒரு டாக்டர் அறை. வாயிலில் கூட்டம். ஓவர்லாக் மிஷினில் பத்து மணி நேரம் குனிந்திருந்த பெண், இடுப்பைப் பிடித்தபடி அமர்ந்திருக்கிறாள். பஞ்சுத் தூசியில் நாளெல்லாம் நின்ற கட்டிங் மாஸ்டர் இருமுகிறார். கைமடிக்கிற சிறுமிக்குக் காய்ச்சல். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், தமிழும் அறியாமல் ஆங்கிலமும் அறியாமல், வயிற்றைத் தொட்டுக் காட்டித் தங்கள் நோயைச் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

“ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர். காலையிலே ஷிப்டுக்குப் போகோணும்!”

இதுதான் அங்கே ஒலிக்கும் விண்ணப்பம். பீஸ் ரேட்டில் உழைப்பவனுக்கு விடுப்பு நாள் என்பது வெறும் வயிற்று நாள். நாளைக் காலைக்குள் எழவேண்டும், எப்படியாவது எழவேண்டும். ஊசி போடப்படுகிறது. வாயால் விழுங்கினால் போதுமான மருந்து ஊசி வழியே ஏறுகிறது. பிறகு சிறு காகித உறை. அதனுள் வெள்ளையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று. “காலையும் இரவும்” என்ற ஒரு சொல். உறையின்மேல் எந்தப் பெயரும் இல்லை. அல்லது சீட்டு கொடுக்கப்படுகிறது. அதில் பெயர் இருக்கிறது. ஆனால் எழுதியவரும், பக்கத்து மருந்துக் கடைக்காரரும் தவிர மூன்றாம் மனிதர் படிக்கமுடியாத எழுத்தில் இருக்கிறது. கடையில் தொகையைக் கேட்டதும் பாட்டாளி கையிலுள்ளதை எண்ணிப் பார்க்கிறான். “ஒரு நாளைக்கு மட்டும் கொடுங்க” என்கிறான். ஐந்து நாள் தின்னவேண்டிய மருந்து ஒரு நாளோடு முடிகிறது.

இங்கேதான் விலை, வெறும் விலையாக நிற்காமல் நோயாக மாறுகிறது. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே எச்சரித்தார்: குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, கிருமிக்குப் பயிற்சி கொடுக்கும் என்று. டாக்டர் எழுதியது ஐந்து நாள். கூலி அனுமதித்தது ஒரு நாள். எஞ்சிய நான்கு நாளில் கிருமி எதிர்த்து நிற்கக் கற்றுக் கொள்கிறது. அந்தக் கிருமி அடுத்த அறைக்கும் போகும். முதலாளியின் மாளிகைக்கும் போகும். கிருமிக்குச் சாதி தெரியாது, வகுப்பும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் பழைய கேள்விகளோடு “உன் தொழில் என்ன?” என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்றார். கூட்டம் நிறைந்த மாலை அறையில் இந்தக் கேள்விக்கு நேரம் ஏது? தூசியால் வந்த இருமலுக்கு மருந்து கிடைக்கிறது. மறுநாள் அதே தூசி கிடைக்கிறது. அடுத்த வாரம் மீண்டும் அதே சீட்டு கிடைக்கிறது.

டாக்டர் கெட்டவர் என்று சொல்லவா இதை எழுதுகிறோம்? அல்ல. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிற நல்லவர்கள் அவர்களில் உண்டு. கையில் காசில்லை என்றால் கட்டணம் வேண்டாம் என்பவர்களும் உண்டு. நாம் கேட்பது ஆளைப் பற்றியதன்று, முறையைப் பற்றியது. அந்தச் சீட்டில் உள்ள பெயர் எங்கிருந்து வந்தது? அந்தப் பெயருக்கு அந்த விலையை வைத்தது யார்?

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்

ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அது மருந்தின் பொருளைச் சொல்லும் பெயர். உலகம் முழுவதும் அறிவியலார் ஏற்ற பெயர். காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால் அப்படிப்பட்ட ஒரு பெயர். அதன் மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி ஒரு வணிகப் பெயரைச் சூட்டுகிறது. பொருள் ஒன்று, பெயர்கள் நூற்றுக்கணக்கில். ஐந்நூறு மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றுக்கு அரசு வைத்துள்ள உச்சவிலை இரண்டு ரூபாய்க்கும் குறைவு. ஆனால் அதே பாரசிட்டமாலோடு இன்னொரு பொருளைச் சேர்த்து, புதுப்பெயர் சூட்டி, பளபளப்பான பட்டையில் அடைத்துவிட்டால் விலை தாவி ஏறுகிறது.

இப்படித் தேவையின்றிச் சேர்க்கப்பட்ட கூட்டு மருந்துகள் நாட்டில் பெருகின. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின. மீண்டும் ஆராய்ந்து 2018 செப்டம்பரில் 328 மருந்துகளைத் தடைசெய்தார்கள். அதுவரை அவற்றை எழுதியவர்கள் யார்? படித்த டாக்டர்கள். அவற்றை விழுங்கியவர்கள் யார்? பெயர் தெரியாமல் நம்பிய மக்கள்.

கடைக்காரர் மாற்றித் தரலாமே என்று கேட்கலாம். முடியாது! டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்கவேண்டிய மருந்துகளுக்கு, சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் உள்ளது. உள்ளே இருக்கும் பொருள் ஒன்றே ஆனாலும் கொடுக்கக் கூடாது. ஆகவே டாக்டரின் பேனா எந்தக் கம்பெனியின் பெயரை எழுதுகிறதோ, அந்தக் கம்பெனிக்கே நோயாளியின் பணம் போகிறது. சந்தையில் பொருள் வாங்குபவன் ஒருவன், தேர்ந்தெடுப்பவன் இன்னொருவன். வேறு எந்தக் கடையில் உண்டு இந்த விந்தை?

அதனால்தான் பையைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி நோயாளியிடம் வருவதில்லை; டாக்டரிடம் வருகிறார். மாதிரி மருந்து, பரிசு, மாநாட்டுப் பயணம் எல்லாம் அந்தப் பேனாவை நோக்கியே பாய்கின்றன. பரிசு பெறக் கூடாதென்று மருத்துவக் கவுன்சில் 2009-இல் விதி செய்தது. அப்படியும் சென்னைக் கம்பெனி ஒன்று, டாக்டர்களுக்குத் தந்த பரிசுகளைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிவு கேட்டது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. அந்தப் பரிசுகளின் விலை மருந்தின் விலையில் ஏற்றப்பட்டு மக்கள் தலையில்தான் விழுகிறது என்பதையும் நீதிமன்றம் எடுத்துக் காட்டிற்று.

விலையின் வரலாறு

இந்த விலை விண்ணிலிருந்து விழுந்ததன்று, விதியும் அன்று. மனிதர் செய்த சட்டங்களால் ஏறியது; மனிதர் செய்த சட்டங்களால் இறங்கியும் இருக்கிறது. அந்த வரலாற்றை அறியவேண்டியது நம் கடமை.

வெள்ளையர் ஆட்சி 1911-இல் ஒரு காப்புரிமைச் சட்டம் செய்தது. மருந்தைக் கண்டவன் அந்தப் பொருளுக்கே தனியுரிமை பெறலாம். வேறு வழியில் கூட மற்றவர் அதைச் செய்ய முடியாது. வெள்ளையர் போனபின்னும் சட்டம் போகவில்லை. 1959 டிசம்பரில் அமெரிக்கச் செனட்டர் கெபாவர், மருந்து விலை பற்றிய விசாரணையைத் தொடங்கினார். நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை டாலரில் அடங்கும் ஒரு மாத்திரை, கடைக்காரருக்கு ஏறத்தாழ பதினெட்டு டாலருக்கு விற்கப்பட்டது அங்கே அம்பலமாயிற்று. கெபாவர் குழு இன்னொன்றையும் கண்டது: சில ஆண்டிபயாடிக் மருந்துகளின் விலை உலகிலேயே மிக உயர்ந்த நாடுகளுள் ஒன்று இந்தியா! செல்வம் கொழிக்கும் நாட்டில் அல்ல; சோற்றுக்குத் திண்டாடிய நாட்டில்!

அதே 1959-இல் நீதிபதி இராசகோபால அய்யங்கார், காப்புரிமை முறை பற்றிய தம் அறிக்கையைத் தந்தார். இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பகுதி அயல்நாட்டார் கையில் இருந்தது. அவற்றைக் கொண்டு அவர்கள் இங்கே உற்பத்தியும் செய்யவில்லை என்று விளக்கினார். 1970-இல் புதிய காப்புரிமைச் சட்டம் நிறைவேறி 1972-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்து என்னும் பொருளுக்குத் தனியுரிமை இல்லை. செய்யும் முறைக்கு மட்டும் சில ஆண்டுகள் உரிமை என்றது சட்டம். வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய இந்திய வேதியியலார் முன்வந்தனர். விலை சரிந்தது. விளைவு நம் நாட்டோடு நிற்கவில்லை. ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் மருந்துக் கூட்டை, 2001-இல் சிப்லா என்னும் இந்தியக் கம்பெனி 350 டாலருக்குத் தர முன்வந்தது.

ஆனால் உலக வணிக ஒப்பந்தத்தின் அழுத்தத்தால் 2005 சனவரி முதல் பொருளுக்கான தனியுரிமை மீண்டும் வந்துவிட்டது. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் ஒரு பிரிவு மட்டும் சட்டத்தில் காவல் நின்றது. இரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. அந்தப் பிரிவையே எதிர்த்துக் கம்பெனி தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனிக்கு உரிமை இல்லை என்றது. காவல் நிலைத்தது.

பெயரை ஒழிக்க முயன்றவர்கள்

காப்புரிமை ஒரு பூட்டு என்றால் வணிகப் பெயர் இரண்டாவது பூட்டு. இதை முதலில் உடைக்கத் துணிந்தவர்களுள் ஒருவர் நம் அண்டை நாட்டினர். இலங்கையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. பொதுவுடைமைக் கட்சித் தலைவரான மருத்துவர் விக்ரமசிங்கவோடு சேர்ந்து 1971-இல் அவர் ஓர் அறிக்கை தந்தார். அரசு மருந்துக் கழகம் பிறந்தது. ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகள் 600 ஆகச் சுருக்கப்பட்டன. உண்மைப் பெயரில், உலகெங்கும் விலை கேட்டு, மலிவாகத் தருபவரிடம் கழகமே வாங்கியது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? அரசு தந்த மூலப்பொருளைக் கொண்டு காலராவுக்கான மருந்தைக் குளிகையாக்கித் தர பன்னாட்டுக் கம்பெனி ஒன்று மறுத்தது. பிபிலே 1977-இல் கயானாவில் மறைந்தார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், இன்றியமையாத மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டது. மனிதர் மறைந்தார், மனிதரின் எண்ணம் உலகப் பட்டியலாயிற்று. 1982-இல் வங்காளதேசமும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வேண்டாத மருந்துகளை நீக்கியது.

இந்தியாவில்? 1974-இல் ஹாத்தி குழு அமைக்கப்பட்டது. 1975-இல் அறிக்கை தந்தது. வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கவேண்டும் என்றது. அரசு தயங்கித் தயங்கி, ஆஸ்பிரின் முதலான ஐந்தே மருந்துகளில் தொடங்க முனைந்தது. அதற்கும் நீதிமன்றத்தில் தடை! ஐந்து மருந்தின் வணிகப் பெயரைக்கூட அழிக்க முடியவில்லை. விலைக் கட்டுப்பாட்டின் கதையும் அதுவே. 1979 ஆணையில் 347 மருந்துகள் கட்டுப்பாட்டில் இருந்தன, 1987-இல் 142, 1995-இல் 74. வேட்டி கட்டத் தொடங்கியவன் கோவணத்தில் முடித்ததுபோல! 2013 ஆணையில் பட்டியல் மீண்டும் 348 ஆக விரிந்தது உண்மை. ஆனால் செய்வதற்கு என்ன செலவு என்று கணக்கிட்ட பழைய முறை போய், சந்தையில் விற்கும் விலைகளின் சராசரியே உச்சவிலை என்ற முறை வந்தது. கொள்ளையின் சராசரி நியாயமாகிவிடுமா?

தமிழ்நாடு காட்டிய வழி

இந்த இருளில் தமிழ்நாடு ஒரு விளக்கை ஏற்றியது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவாயிற்று. 1995 தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது. அது செய்ததில் மந்திரமில்லை, மாயமில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு எவை உண்மையில் தேவை என்று பட்டியல் இட்டார்கள். பட்டியலில் வணிகப் பெயர் இல்லை. மருந்தின் உண்மைப் பெயரே இருந்தது. மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக டெண்டர் விட்டார்கள். வந்த மருந்தைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, தேறியதையே விநியோகித்தார்கள். மாவட்டங்களில் கிடங்கு கட்டினார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம்போல் ஒரு புத்தகம் கொடுத்து, அதன் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். இந்த முறையைப் பின்னர் இராசத்தான் முதலான மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? பெயரை மாற்றியதால் பொருள் மாறவில்லை, விலைதான் மாறியது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையும், தெருமுனைக் கடையில் கூலியை விழுங்கும் மாத்திரையும் ஒரே பொருளாக இருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசென்றது. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் ‘முதல்வர் மருந்தகங்கள்’ திறக்கப்பட்டன. உண்மைப் பெயர் மருந்துகளைக் குறைந்த விலைக்கு விற்கவே அவை.

தொழிலாளிக்கென்றே ஒரு திட்டமும் உண்டு: 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டம். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1955-இல் முதலில் தொடங்கியது, திருப்பூரின் பக்கத்துக் கோவையிலேதான். 2019 சூலை முதல் தொழிலாளி தரவேண்டியது ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கு. முதலாளி தரவேண்டியது மூன்றேகால் பங்கு. அதற்கு ஈடாக மருத்துவமும் மருந்தும் நோய்க்கால ஊதியமும் உரிமையாகக் கிடைக்கவேண்டும். விடுப்பு நாள் வெறும் வயிற்று நாள் ஆகாமல் காக்கும் திட்டம் இது. ஆயினும் பீஸ் ரேட்டிலும் காண்டிராக்டிலும் உழைப்போர் பலரின் பெயர் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. மருந்துக்குப் பெயர் இல்லை. தொழிலாளிக்கும் பெயர் இல்லை! இரண்டு பெயர்களும் மறைக்கப்படும் இடத்தில்தான் மாலை நேரத்து ஊசி செழிக்கிறது.

தரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு

“உண்மைப் பெயரில் விற்பது மட்டமான சரக்காக இருந்தால்? பேர்பெற்ற கம்பெனி என்றால் நம்பலாமே?” என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஒதுக்கித் தள்ளக் கூடாது. மருந்தில் நச்சு கலந்து 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். 1972-இல் சென்னையில் குழந்தைகள் மாண்டனர். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மருந்து தமிழ்நாட்டிலேயே, காஞ்சிபுரத்தில் இயங்கிய ஒரு கம்பெனி செய்தது. அதில் நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் நச்சு இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகமே கண்டு சொன்னது.

ஆனால் எண்ணிப் பாருங்கள்: அந்த இருமல் மருந்துக்கு வணிகப் பெயர் இல்லாமலா போயிற்று? அழகான பெயர் இருந்தது. டாக்டர்கள் அதை எழுதினார்கள். பெயர் இருந்தது, சோதனை இல்லை. அதனால் குழந்தைகள் மாண்டன. தரத்தைத் தருவது பெயர் அன்று, ஆய்வு. ஆகவே டாக்டரின் கேள்விக்கு நம் பதில்: தொகுதி தொகுதியாகச் சோதனை வேண்டும், ஆய்வாளர் வேண்டும், முடிவுகள் மக்கள் பார்க்க வெளியாகவேண்டும். நம்பிக்கைக்கு மாற்று இன்னொரு நம்பிக்கை அன்று, பரிசோதனைதான். பகுத்தறிவாளர் இதையன்றி வேறென்ன சொல்ல முடியும்?

பெயரற்ற மாத்திரை

பெயரை மறைப்பதன் எல்லை எது என்று 2019-இல் தெரிந்தது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த நூறு பெண்கள் அளவில் சந்தித்தனர். மாதவிடாய் வலி என்று சொன்னால், மேற்பார்வையாளர் ஒரு மாத்திரை கொடுப்பார். பட்டையில்லை, பெயரில்லை, காலாவதித் தேதியில்லை, டாக்டரும் இல்லை. விழுங்கிவிட்டு மிஷினுக்குத் திரும்பவேண்டும். வலிக்கு ஓய்வு தந்தால் உற்பத்தி குறையும். மாத்திரை தந்தால் குறையாது. ஆண்டுக்கணக்கில் அப்படி விழுங்கிய பெண்கள், தங்கள் உடலில் ஏற்பட்ட கோளாறுகளைச் சொன்னார்கள். எதை விழுங்கினோம் என்பதை மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

தோழர்களே, இதற்கும் மாலை நேரத்துக் காகித உறைக்கும் உள்ள தூரம் எவ்வளவு? டாக்டர் படித்தவர், மேற்பார்வையாளர் படிக்காதவர். அந்த வேறுபாடு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் விழுங்குகிறவளின் பக்கத்திலிருந்து பார்த்தால்? அவளுக்கு இரண்டுமே பெயரற்ற மாத்திரைதான். கேள்வி கேட்காதே, விழுங்கு என்பதுதான் இரண்டின் பொருளும்.

கேட்கும் உரிமை

பொருள் புரியாத மந்திரத்தைக் கேட்டுத் தலையசைத்துத் தட்சிணை கொடுக்காதே என்று இந்த நாட்டுக்குச் சொன்னது நம் இயக்கம். மந்திரமில்லாத மணமும் மணமே என்று 1967-இல் அண்ணாவின் ஆட்சி சட்டம் செய்தது. மண மேடையில் புரியாத மொழியை மறுத்தவன், மருந்துக் கடையில் மட்டும் புரியாத எழுத்துக்குப் பணம் கட்டலாமா?

சட்டம் முழுவதும் நமக்கு எதிராக இல்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள், 2016-இல் திருத்தப்பட்டபோது, மருந்தின் உண்மைப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்றன. 2023 ஆகஸ்டு 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் அதை இன்னும் கடுமையாக்கிப் புதுவிதி வெளியிட்டது. ஆகஸ்டு 23 அன்று அதை நிறுத்தி வைத்தது. மூன்றே வாரத்தில் பின்வாங்கல்! மருந்துக் கம்பெனிகளுக்கும் குரல் இருந்தது. டாக்டர் சங்கங்களுக்கும் குரல் இருந்தது. ஓவர்லாக் மிஷினில் குனிந்திருந்தவளின் குரல் மட்டும் அந்த மூன்று வாரத்தில் கேட்கவில்லை.

அந்தக் குரலை எழுப்புவது இளைஞர்களின் வேலை. பெரிய மாநாடு வேண்டாம். பெரிய பந்தல் வேண்டாம். தாயோடும் தங்கையோடும் அறைத் தோழனோடும் டாக்டரிடம் செல்லும்போது மரியாதையோடு, ஆனால் அஞ்சாமல் கேளுங்கள்: இது என்ன நோய்? இந்த மருந்தின் உண்மைப் பெயர் என்ன? எத்தனை நாள் சாப்பிடவேண்டும்? ஊசி இல்லாமல் மாத்திரை போதாதா? இதே மருந்து அரசு மருத்துவமனையிலோ முதல்வர் மருந்தகத்திலோ கிடைக்குமா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளால் சினம் கொள்ளமாட்டார். சினம் கொள்பவரிடம் இன்னொரு முறை போகவேண்டிய அவசியமில்லை.

படிப்பகம் நடத்தும் தோழர்கள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கொண்டுவரப்படும் சீட்டில் உள்ள வணிகப் பெயருக்குப் பக்கத்தில் உண்மைப் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மருத்துவம் சொல்லவேண்டாம், மருந்தை மாற்றச் சொல்லவேண்டாம். அது கற்றவர் வேலை. பெயரைப் படித்துச் சொன்னால் போதும். ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாத தொழிலாளிக்கு அது ஏன் இல்லை என்று கம்பெனியைக் கேட்கத் துணை நில்லுங்கள். வடநாட்டிலிருந்து வந்தவன் என்று ஒதுக்காதீர்கள்; அவனும் பாட்டாளி, அவன் உடம்பிலும் அதே தூசி.

இலண்டனில் ஒருவன் ஒரு நூலை மொழிபெயர்த்தான். அதற்காக நாத்திகன் என்று தூற்றப்பட்டான். திருப்பூரில் ஒரு பெண் நாளை மாலை டாக்டர் அறையில் எழுந்து நின்று, “இந்த மாத்திரையின் பேர் என்னங்க?” என்று கேட்கப் போகிறாள். அவளைத் தூற்றினாலும் தூற்றுவார்கள். அப்போது அவள் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதே நமக்கு முன்னுள்ள கேள்வி.